தமிழில் மருத்துவம் சொல்லித் தந்த டாக்டர் கிறீன்

ஜொகூரில் எந்தக் கிளினிக்கிற்குப் போனாலும் நம் பாட்டிமார் ‘இனிப்பு நீர்’ என்று சொல்வதைக் கேட்கலாம். மலாய்க்காரர்கள் ‘கென்சிங் மானிஸ்’ என்பதும் இதைத்தான். இனிப்பு, நீர் என்று தெரிந்த இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரு நோயின் பெயராகிவிட்டன. பள்ளிக்கூடம் போகாதவருக்கும் அது புரிகிறது. புரிந்தால்தான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார், சீனியைக் குறைப்பார்.

இந்த உண்மையை 150 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து செயல்பட்டவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

1822-ஆம் ஆண்டு மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்த அவர், மருத்துவம் படித்து முடித்த பின்னர் 1847-இல் அமெரிக்க மிஷன் ஊழியராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் சிகிச்சையோடு மாணவர்களுக்கு மருத்துவப் பயிற்சியையும் தொடங்கினார். தமிழையும் ஊன்றிக் கற்றார்.

தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலையையும் பட்டணத்தையும் நாடினார்கள். கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் இல்லை. அதனால் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார்.

துணிவு மட்டும் போதுமா? பாடநூல் வேண்டும். பாடநூலுக்குச் சொல் வேண்டும். நரம்பு, எலும்பு என்பவற்றுக்குத் தமிழ் உண்டு; உடலின் நூற்றுக்கணக்கான நுண்ணிய உறுப்புகளுக்கு என்ன செய்வது? கிறீன் ஒரு வரிசை வைத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழி, அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது.

அவருடைய நூல்களின் பெயர்களே இதற்குச் சாட்சி. அறுவைச் சிகிச்சை நூலுக்கு ‘இரண வைத்தியம்’ என்று பெயர். புண்ணைக் குறிக்கும் இரணமும் வைத்தியமும் சேர்ந்த கூட்டுச்சொல் அது. உலகப் புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல் 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. முடி முதல் அடி வரை வருணிக்கும் ‘கேசாதிபாதம்’ என்ற இலக்கிய வழக்கை இந்தச் சொல் நினைவூட்டுகிறது. வேதியியல் நூலுக்கு வைத்த பெயர் ‘கெமிஸ்தம்’. ஆங்கில ஒலிக்குப் பின்னால் மரம், பணம் போல ‘அம்’ சேர்ந்து, அந்நியச் சொல் தமிழ் உடை உடுத்திக்கொண்டது.

இன்றைய கண்ணுக்கு இவற்றில் வடமொழி கூடுதலாகத் தெரியலாம். அன்றைய எழுத்து வழக்கு அப்படி. இன்று நாம் உடற்கூற்றியல், வேதியியல் என்கிறோம். சொற்கள் மாறியிருக்கின்றன, இரண்டைச் சேர்த்தும் ஈறு கூட்டியும் புதுச்சொல் ஆக்கும் வழி மாறவில்லை. நம் கைப்பேசியும் இணையமும் அந்த வழியில் வந்தவைதாம்.

1873-இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். அவருடைய மாணவர்களும் மொழிபெயர்ப்பில் கைகொடுத்தார்கள். ‘மனுஷ சுகரணம்’ என்ற உடலியல் நூல் 1883-இல் வெளிவந்தது. மறு ஆண்டு, 1884 மே 28-ஆம் நாள், அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே பொறித்திருக்கிறார்கள்.

அவர் பயிற்றுவித்த மருத்துவர்கள் அறுபது பேருக்கு மேல். ஆனால் 1870-இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியது. கிறீன் போன பிறகு தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை மட்டும் இன்றும் இருக்கிறது.

நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் டிரஸ்ஸர்தான் டாக்டர். நோயாளியின் மொழியில் பேசிய டிரஸ்ஸரைப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. அறிவியலுக்குத் தமிழ் போதாது என்று பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், தமிழைப் பிறகு கற்றுக்கொண்ட இந்த அமெரிக்கரை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.