கட்புலனாகாக் கதிர் கண்டவர்

வானத்தே சுழலும் செயற்கைக் கோள்கள் அனுப்பும் படங்களில், இது நிலம், இது கடல், இது முகில் எனப் பிரித்தறிதற்கு முதல் வழி திறந்தவர் யாரென வினவின், ஓர் இசைவாணரையே சுட்டுதல் வேண்டும். அவர் சர் வில்லியம் ஹெர்ஷல்.

ஜெர்மனி நாட்டு ஹனோவர் நகரில், 1738ஆம் ஆண்டு, படைவாத்தியக் குழுவினர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். 1757இல் இங்கிலாந்து புகுந்து, பின்னர்ப் பாத் நகரத்துக் கோயிலொன்றில் ஆர்கன் வாசித்து வாழ்ந்தார். பகலில் இசை பயிற்றினார். இரவில் வானை நோக்கினார். தொலைநோக்கிக்குரிய ஆடிகளைத் தாமே தேய்த்து மெருகிட்டார். கையெடுத்தால் ஆடி கெடுமென அவர் இடைவிடாது தேய்த்துக்கொண்டிருக்க, தங்கை கரோலின் அருகிருந்து உணவு ஊட்டினார் என்பர். 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டு பெரும்புகழ் எய்தினார். அக்கதை யாவரும் அறிந்தது. யான் சொல்லப் புகுந்தது அதுவன்று.

அறுபது வயது கடந்தபின், நிறக்கண்ணாடிகளின் வழியே ஞாயிற்றை நோக்குங்கால், சில கண்ணாடிகள் ஒளியைத் தடுத்தும் வெம்மையைத் தடுக்காமை கண்டு வியந்தார். நிறந்தோறும் வெம்மை வேறுபடுமோ என ஐயுற்று, 1800ஆம் ஆண்டில், முப்பட்டைக் கண்ணாடியால் வெயிலை நிறநிறமாய்ப் பிரித்து, குமிழ் கருக்கிய வெப்பமானியை அவற்றில் வைத்தார்; ஒப்புநோக்க வேறு வெப்பமானிகளை நிறத்திற்குப் புறத்தே நிறுத்தினார். பாரன்ஹீட் அளவில் ஊதாவில் 2 பாகையும், பச்சையில் 3¼ பாகையும், சிவப்பில் ஏறக்குறைய 7 பாகையும் ஏறின. சிவப்பிற்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தோன்றாத இடத்தில் வைத்தபோதோ, வெப்பமானி இன்னும் உயர்ந்தது! அகச்சிவப்புக் கதிர் வெளிப்பட்டது அன்றே.

இதுவும் ஒளியே போலும் என முதலில் எண்ணியவர், அவ்வாண்டிலேயே, ஒளி வேறு, வெப்பக்கதிர் வேறு எனக் கருத்து மாறினார். முதல் எண்ணமே மெய்யென்று பிற்காலத்தார் நிறுவினர். கைக்கு எட்டிய உண்மையை அவரே நழுவவிட்டது இரங்கத்தக்கது. 1822இல் உயிர்நீத்தார்.

1972இல் அமெரிக்கர் செலுத்திய முதல் லாண்ட்சாட் கோளின் பல்பட்டை வருடி, பச்சை, சிவப்பு ஆகிய நிறங்களோடு, அகச்சிவப்பிலும் இரு பட்டைகளைப் பதிவு செய்தது. நீர் அக்கதிரை விழுங்குமாதலின் கடல் கரிதாய்த் தோன்றும். பசுந்தழை அதனை மிகுதியாய்த் திருப்புமாதலின் நிலம் விளங்கும். முகிலோ எல்லாப் பட்டைகளிலும் வெளுத்திருக்கும். வெண்மணலும் அங்ஙனமே வெளுத்து மயக்குமிடத்து, வெப்பக்கதிரை அளக்கும் கருவிகள் உதவுகின்றன. உயர்ந்த முகிலின் உச்சி மிகக் குளிர்ந்திருப்பதால் மணலினின்று பிரிந்து நிற்கும். ஆயினும் இரவில், கடல்நீரோடு ஏறத்தாழ ஒத்த வெப்பமுடைய தாழ்ந்த முகில், இவ்வளவைக்கும் எளிதில் அகப்படுவதில்லை.