அந்தி ஒளியின் ஓவியர்

இரயில்வே எழுத்தர் வேலையை எவரேனும் உதறுவாரா? எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்படியொரு வேலை எனக்குக் கிடைக்காதா என்று வீடே காத்திருக்கிறது. அதனாலேயே ஜான் அட்கின்சன் கிரிம்ஷாவின் வாழ்க்கை எனக்கு வியப்போடு சிறிது அச்சத்தையும் தந்தது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1836-இல் பிறந்தார். சமயக் கண்டிப்பு மிகுந்த பெற்றோருக்கு ஓவியம் பிடிக்கவில்லை. இரயில்வேயில் எழுத்தராக இருந்தவர், மணம் புரிந்து, 1861-இல் வேலையை விட்டுத் தூரிகையை நம்பினார். முறையான ஓவியப் பயிற்சியும் இல்லை!

அவர் தேடிய பொழுது அந்தியும் இரவும். 1881-இல் தீட்டிய 'கிளைடு ஆற்றில் கப்பல்கள்' படத்தின் அச்சுப்படியை நெடுநேரம் பார்த்தேன். வானம் பசுமை கலந்த சாம்பல். கடைக் கண்ணாடிகளிலோ எரிவாயு விளக்கின் மஞ்சள். கீழே ஈரச் சாலை. உலர்ந்த தரை ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். நீர்ப்படலமோ கண்ணாடிபோல் நம் கண்ணுக்கே திருப்பியனுப்பும். இயற்பியல் மாணவர் அறிந்ததுதான். அந்த மஞ்சள் சாலையெங்கும் வழிவதால்தான் மேலே வானத்தின் குளிர் நமக்கு உறைக்கிறது. மனிதர்கள் சிறியவர்கள், முகம் மங்கியவர்கள், சோகமெல்லாம் தரையில்.

புகழ் வந்தது, 1879 வாக்கில் பெரும் பண நெருக்கடியும் வந்தது. முன்னிலும் விரைவாக வரைந்து தள்ளினார். கிளைடு படமும் அதற்குப் பின் பிறந்ததே! 1893-இல், 57-ஆம் வயதில் மறைந்தார். நாட்குறிப்பு எதையும் விட்டுச் செல்லவில்லை. வேலையை விட்ட அன்று மனைவி பிரான்சிஸ் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன்.