ரயிலைத் தவறவிட்ட இன்ஜினியர்

1876, அயர்லாந்தில் பண்டோரன் ஸ்டேஷன். டைம்டேபிளைப் பார்த்து மாலை ரயிலுக்கு வந்து நிற்கிறார் ஒரு இன்ஜினியர். ரயில் வரவே இல்லை. அது காலையிலேயே போயாச்சு, ஏ.எம். என்று இருக்க வேண்டிய இடத்தில் பி.எம். என்று அச்சாகியிருந்தது. நாமா இருந்தா நாலு திட்டு திட்டிட்டு பெஞ்சுல படுத்திருப்போம். சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங், உலகத்துக்கே 24 மணி நேரக் கடிகாரம் ஒன்று வேண்டும் என்று எழுதத் தொடங்கிவிட்டார்.

1827-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 18 வயதில் கனடா போனவர். சர்வேயராக ஆரம்பித்து ரயில்வேயின் தலைமை இன்ஜினியர் ஆனார். நடுவில் 1851-ல் கனடாவின் முதல் தபால்தலையையும் வரைந்து கொடுத்தார். (நம்ம ஆளுங்க டிபார்ட்மென்ட் ஃபெஸ்ட் போஸ்டர் போடுற மாதிரின்னு வச்சுக்கோங்க.)

அப்போதெல்லாம் ஒவ்வொரு ஊருக்கும் தனி நேரம். சூரியன் உச்சிக்கு வந்தா அந்த ஊருக்கு மணி 12. குதிரையில் போறவனுக்கு இது ஒரு பிரச்சனையே இல்லை. ரயிலுக்கு, பெரிய தலைவலி. ஃபிளெமிங் சொன்ன வழி: உலகம் முழுக்க ஒரே பொது நேரம், உள்ளூர் தேவைக்கு, 15 டிகிரிக்கு ஒன்றாக 24 மண்டலம்.

1883 நவம்பர் 18-ல் வட அமெரிக்க ரயில்வேக்கள் மண்டல நேரத்துக்கு மாறின. அடுத்த வருடம் வாஷிங்டன் மாநாட்டில் கிரீன்விச்சும் பொது நாளும் தேறின. மண்டலங்களை மட்டும் மாநாடு ஏற்கவில்லை. நாடுகள் ஒவ்வொன்றாகத்தான் வந்து சேர்ந்தன. 1897-ல் சர் பட்டம் வாங்கிய ஃபிளெமிங் 1915-ல் காலமானார். அந்தப் பொது நேரத்தை மக்கள் யாரும் கையில் கட்டிக்கொள்ளவில்லை.

ஆனா உங்க லேப்டாப் கட்டிக்கிட்டிருக்கு. லினக்ஸின் இஎக்ஸ்டி4, ஃபைல் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து யூடிசி கணக்கில் எண்ணி வைக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் யூடிசிதான். ஆனா 1601-லிருந்து, 100 நானோசெகண்ட் துண்டுகளாக. ஐந்தரை மணி நேரம் கூட்டுவது திரையில் காட்டும்போது மட்டும். அதனால்தான் டைம்ஸ்டாம்ப் பூஜ்யமாகிப்போன ஃபைல், லினக்ஸில் நமக்கு 1970 ஜனவரி 1, காலை 5:30 என்று தெரியும்.

பழைய பென் டிரைவில் இருக்கிற ஃபேட்32 மட்டும் இன்னும் ஃபிளெமிங்குக்கு முந்தைய ஊர் மாதிரி. உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதும், எந்த ஊர் என்று எழுதாது. அதுவும் 2 செகண்டுக்கு ஒரு தரம்தான் எண்ணும். சென்னையில் 10 மணிக்கு சேவ் பண்ண ஃபைலும், லண்டனில் 10 மணிக்கு சேவ் பண்ண ஃபைலும் அதில் ஒண்ணுதான். ப்ராஜெக்ட்ல எது கடைசி வெர்ஷன்னு சண்டை வந்தா, அந்த பென் டிரைவை சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.