ஓமந்தூரார்: கோட்டையிலும் வடலூரிலும்



மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டும், நம்ம பக்கத்துக்காரராக இருந்தால் இன்னும் நல்லது என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். நான் ஒரு சிவில் இன்ஜினியர். சிமெண்ட் மூட்டைக் கணக்கு எழுதிப் பழகிய கை இது. ஆனாலும் கண்டாச்சிபுரத்துக்காரனுக்கு இந்த விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. சென்னை அண்ணா சாலையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இருக்கிறதே, அந்த ஓமந்தூர் நம்ம திண்டிவனத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற பலருக்கு அது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது என்பதே தெரியாது.

ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1895-ல் ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்து சிறைக்குப் போனார். கதர் வேட்டி, கதர்ச் சட்டை, சொன்னால் சொன்னதுதான் என்கிற குணம். ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த இன்னொரு விஷயம் அவருடைய பக்தி. வடலூர் வள்ளலாரிடம் ஈடுபாடு, திருவண்ணாமலை ரமண மகரிஷியிடமும் ஈடுபாடு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில்தான் எங்கள் ஊர். ஆன்மிகத் தேடலோடு மலையைப் பார்த்துப் போகிறவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பக்திமான் ஒருவர் அரசியலுக்கு வந்தார் என்பது எங்களுக்கு ஆச்சரியமில்லை. அந்தப் பக்தியை வைத்துக்கொண்டு அதிகாரத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

1947 மார்ச்சில் பிரகாசம் மந்திரிசபை கவிழ்ந்தது. ரெட்டியார் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள். சுதந்திர தினத்தன்று இந்த மாகாணத்தை ஆண்டவர் அவரே. இன்றைய தமிழ்நாடு மட்டுமல்ல, ஆந்திரத்தின் பெரும்பகுதியும் மலபாரும் தென்கன்னடமும் சேர்ந்த மாகாணம் அது.

இரண்டு ஆண்டுகளும் சில நாட்களும்தான் பதவி. ஆனால் போட்ட சட்டங்களைப் பாருங்கள். 1947-லேயே ஆலயப் பிரவேசச் சட்டம். தாழ்த்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் நுழைவதைத் தடுப்பது குற்றம் என்றானது. அதே ஆண்டில் தேவதாசி ஒழிப்புச் சட்டம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல வருடம் போராடியும் நிறைவேறாமல் கிடந்த விஷயம், இவர் காலத்தில் சட்டமானது. 1948-ல் ஜமீன்தாரி ஒழிப்பு.

ஆலயப் பிரவேசத்தை எதிர்த்தவர்கள், எங்கள் நம்பிக்கையில் அரசாங்கம் கை வைக்கிறது என்றுதான் வாதாடினார்கள். கேட்டால் நியாயம் போலத் தெரியும். ஆனால் அந்தச் சட்டம் யாரையும் சாமி கும்பிடச் சொல்லவில்லை, கும்பிட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒருவர் தன் நம்பிக்கையைச் சொல்லி இன்னொருவரை வாசலில் நிறுத்துவதைத்தான் தடுத்தது. திணிப்பு என்று பார்த்தால் அதுவரை நடந்துகொண்டிருந்ததுதான் திணிப்பு. தேவதாசிச் சட்டம் இவ்வளவு சுலபமில்லை. சின்னப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தியது, சரி. கூடவே கோயில் வளாகத்தில் பெண்கள் நடனமாடுவதையும் சட்டவிரோதமாக்கியது. வயது வந்த ஒரு கலைஞர், தன் விருப்பத்தோடு ஆடினாலும் குற்றம். ஒரே சட்டத்துக்குள் கதவைத் திறந்ததும் இருக்கிறது, சாத்தியதும் இருக்கிறது.

அடுத்தது மதுவிலக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இது எங்கள் பக்கத்துப் பனைமரம் வரைக்கும் வந்த சட்டம். மதுவிலக்கை ராஜாஜி 1937-ல் சேலத்தில் ஆரம்பித்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. (இன்று பில்லில் வரியைப் பார்த்து முகம் சுளிக்கிறோமே, இங்கே அதன் முன்கதை அதுதான்.) யுத்த காலத்தில் அது நிறுத்தப்பட்டது, 1946-ல் மறுபடி தொடங்கியது. 1948 காந்தி ஜெயந்தியன்று மாகாணம் முழுக்க அமல்படுத்தியவர் ஓமந்தூரார். குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவர், உள்ளூர நம்பிச் செய்தார். அந்த நம்பிக்கையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மரத்தில் ஏறுகிறவன் கதை வேறு. பனையில் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இறங்குவது இனிப்பான சாறு. சும்மா விட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைப் புளிக்கவைத்துக் கள்ளாக்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மையில் ஈஸ்ட் வேலை செய்யாது, பதநீராகவே இறங்கும். அதே மரம், அதே ஆள், அதே அரிவாள். சுண்ணாம்பு இருந்தால் தொழில், இல்லாவிட்டால் குற்றம். பதநீர் இறக்க லைசென்ஸ் கொடுத்தார்கள், பனைவெல்லம் காய்ச்சக் கூட்டுறவுச் சங்கங்கள் வைத்தார்கள். மாற்று வழி எதுவுமே யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் விடியற்காலையில் கலயத்துக்குள் எட்டிப் பார்க்கும் வேலை போலீசுக்கு வந்தது. பிறர் குடியைக் கெடுக்கிற குடியைத் தடுப்பது ஒன்று. ஒருவன் கலயத்துக்குள் புகுந்து பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே சட்டத்தில் கட்டியதுதான் சிக்கல் என்பது என் அபிப்பிராயம்.

பின்னால் நடந்ததும் நமக்குத் தெரியும். 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, பிறகு மூடினார்கள், திறந்தார்கள். 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சீமைச் சரக்கை அரசே கடை வைத்து விற்கிறது. ஓமந்தூராரின் நம்பிக்கை போய்விட்டது, பனையேறிக்கு விதித்த தடை மட்டும் நிற்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். 1948 மார்ச்சில் அவர் அரசு திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. அதே ஆண்டில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, பள்ளிகளில் இந்தி கட்டாயமானது. பெரியாரும் அண்ணாவும் கைதானார்கள். முன்பு இந்திக்கு ஆதரவாக இருந்த திரு.வி.க.வும் ம.பொ.சி.யும்கூட இந்த முறை எதிர்ப்பக்கம் நின்றார்கள். 1950-51-லிருந்து இந்தி விருப்பப் பாடமானது. அதற்குள் ஓமந்தூரார் பதவியில் இல்லை. வள்ளலாரை வணங்குங்கள் என்று ஒருநாளும் உத்தரவு போடாத மனிதர், பிள்ளைகள் எந்த மொழி படிக்க வேண்டும், பெரியவர்கள் எந்த நிறத்தில் சட்டை போடலாம் என்பதில் உத்தரவு போட்ட அரசுக்குத் தலைவராக இருந்தார். இதை மறைத்து எழுதினால் வரலாறாக இருக்காது, வாழ்த்துமடலாகத்தான் இருக்கும்.

நண்பர்களே, இது கோட்டையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் மேலாளர் வாராவாரம் தன் அறையில் பிரார்த்தனை வைப்பார். நல்ல மனுஷர். வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தியதே இல்லை. ஆனால் சம்பள உயர்வு ஃபைலில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தானே? எல்லா மதத்துக்காரர்களும், மதமே வேண்டாம் என்பவர்களும் வரிசையாகப் போய் நின்றோம். அவருக்கு அது அழைப்பு, எங்களுக்கு அது சர்க்குலர். நம் கல்லூரியில் படித்து வெளியே போகிற தம்பி தங்கைகள் சீக்கிரமே நாலு பேருக்கு மேலே உட்காரப் போகிறவர்கள் என்பதால் சொல்கிறேன்.

ஓமந்தூராருக்குக் கட்சிக்காரர்களின் சிபாரிசுக்கு வளையாதவர் என்ற பெயர் உண்டு. கட்சிக்குள் ஆதரவு குறைந்தது. 1949 ஏப்ரலில் விலகினார். அடுத்து குமாரசாமி ராஜா வந்தார். அதற்குப் பிறகு ரெட்டியார் போன இடம் வடலூர். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை ஏற்படுத்தி, பிள்ளைகளின் படிப்பு, ஆதரவற்றோர் நலன் என்று இருந்துவிட்டார்.

வடலூரில் வள்ளலார் அமைத்த இரண்டு இடங்கள் உண்டு. 1867-ல் தொடங்கிய சத்திய தருமசாலை, 1872-ல் திறந்த சத்திய ஞானசபை. ஞானசபைக்குள் நுழைய நிபந்தனை இருக்கிறது: புலால் உண்ணாதவர்களே உள்ளே போகலாம். அது அவருடைய கொள்கை, அவர் கட்டிய சபை. தருமசாலையில் எந்த நிபந்தனையும் கிடையாது. பசியோடு வருகிறவனிடம் என்ன ஜாதி, என்ன மதம், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. புலால் உண்ணாமையில் வள்ளலாரை விட உறுதியானவர் யார்? அவரே சோற்றுக்கு முன்னால் அந்த நிபந்தனையை வைக்கவில்லை.

1970 ஆகஸ்டில் மறையும்வரை ஓமந்தூராரின் ஊர் வடலூர்தான். கோட்டையில் இருந்தபோது அவர் சொன்னதைச் செய்யப் போலீசும் கலெக்டரும் இருந்தார்கள். வடலூரில் அப்படி யாரும் இல்லை. விருப்பப்பட்டவர்கள் வந்தார்கள், அவரோடு வேலை செய்தார்கள்.