யார் இந்த ரிச்சர்ட் ஆலன்? தன் தேவாலயத்தையே ஏலத்தில் எடுத்த கறுப்பினப் பிஷப்

ஒருத்தர் தன்னையே விலைக்கு வாங்க முடியுமா? அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலன் வாங்கினார். அதோடு விட்டதா என்றால் இல்லை. பின்னாளில் அவரே எழுப்பிய தேவாலயத்தையும் காசு கொடுத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது.

1760-ல் அடிமையாகப் பிறந்தவர் ஆலன். சிறுவனாக இருக்கும்போதே டெலவேர் பகுதி விவசாயி ஸ்டோக்லி ஸ்டர்ஜிஸிடம் குடும்பத்தோடு விற்கப்பட்டார். கடன் நெருக்கியதும் ஸ்டர்ஜிஸ், ஆலனின் தாயையும் உடன்பிறந்த மூன்று பேரையும் வேறு இடத்துக்கு விற்றுவிட்டார். இத்தனைக்கும் அவர் நல்ல எஜமான் என்று பெயர் எடுத்தவர்!

17 வயதில் ஆலன் மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார். ஜெபக்கூட்டத்துக்குப் போனால் அடிமைகள் வேலை செய்ய மாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அதைப் பொய்யாக்கவே ஆலனும் அவருடைய அண்ணனும் கூடுதலாக உழைத்தார்கள். ஒரு போதகரின் பிரசங்கத்தைக் கேட்ட ஸ்டர்ஜிஸுக்கும் மனசாட்சி உறுத்தியது. ஆனா சும்மா விடவில்லை. 2,000 டாலர் கேட்டார். விறகு வெட்டி, செங்கல் சூளையில் வேலை பார்த்து, உப்பு வண்டி ஓட்டி 1783-ல் ஆலன் விடுதலை பெற்றார்.

முழங்காலில் இருந்தவரை இழுத்தார்கள்

பிறகு ஃபிலடெல்ஃபியாவின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் பிரசங்கியானார். அங்கே மாடம் கட்டவும் தரை போடவும் கறுப்பின மக்களும் காசு கொடுத்திருந்தார்கள். அப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆலனின் நண்பர் அப்சலோம் ஜோன்ஸை இங்கே உட்காரக் கூடாது என்று பிடித்து இழுத்தார்கள். ஜெபம் முடிந்ததும் கறுப்பினத்தவர் அத்தனை பேரும் மொத்தமாக வெளியேறினார்கள். இது 1787-ல் நடந்தது என்று ஆலன் எழுதிவைத்தார். 1792-ஐ ஒட்டி நடந்தது என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணக்கு.

1793-ல் அதே நகரத்தை மஞ்சள் காய்ச்சல் தாக்கியது. வசதியானவர்கள் ஊரைவிட்டு ஓட, ஆலனும் ஜோன்ஸும் ஆட்களைத் திரட்டி நோயாளிகளைக் கவனித்தார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். கிடைத்தது என்ன? அதிகக் கூலி வாங்கினார்கள், திருடினார்கள் என்ற பழி. இருவரும் வரவு செலவு கணக்கோடு புத்தகம் போட்டுப் பதில் கொடுத்தார்கள்.

மறுபடியும் ஒரு விலை

1794-ல் ஒரு பழைய கொல்லன் பட்டறையை வாங்கி, குதிரைகளைக் கட்டி இழுத்து வந்து, தன் நிலத்தில் நிறுத்தினார் ஆலன். அதுதான் பெத்தேல் தேவாலயம். சிக்கல் பத்திரத்தில் இருந்தது. வெள்ளை போதகர் ஒருவர் எழுதிக்கொடுத்த சட்டதிட்டம், சொத்தின் கட்டுப்பாட்டை மெதடிஸ்ட் தலைமையிடம் கொடுத்துவிட்டது. விஷயம் தெரியவர ஆண்டுகள் ஆயின. 1807-ல் சபையார் அதைத் திருத்தினார்கள். தலைமை ஏற்கவில்லை. 1815-ல் தேவாலயம் ஏலத்துக்கே வந்தது. ஆலன் 10,000 டாலருக்கும் மேல் கொடுத்து எடுத்தார்.

அதன்பிறகும் வெள்ளை போதகர் ஒருவர் மேடையேற வந்தார். சபையார் வழியை அடைத்து நின்றார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 1816 ஜனவரியில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பெத்தேல் பக்கம் நின்றது. ஏப்ரலில் மற்ற ஊர்களின் கறுப்பினச் சபைகளும் சேர, ஆப்பிரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை உருவானது. முதல் பிஷப் ஆலன்தான்.

1831-ல் ஆலன் காலமானார். அந்த நிலம் இன்றும் அதே சபையின் கையில்தான் இருக்கிறது. இப்போதுள்ள தேவாலயத்தின் அடித்தளத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.