சங்ககிரி மலையில் ஓர் ஆடிப் பதினெட்டு



சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் வழியில் சங்ககிரி துர்க்கம் என்னும் ஸ்டேஷனைக் கடக்கிறார்கள். அங்கே பெரிய பாறை மலை ஒன்று கண்ணில் படும். திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் அது தப்பாமல் தெரியும். அந்த மலையின்மேல் மதில்கள் படிப்படியாக ஏறிச் செல்கின்றன. வாயிலுக்குப் பின் வாயிலாக வழி நீள்கிறது. சந்தைக்குப் போகிற அவசரத்திலும் லாரிகளின் இரைச்சலிலும் நம்மில் பலர் அதை அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை. அந்த மலைக்கோட்டையில் 1805-ம் ஆண்டு ஜூலை மாதம் 31-ந் தேதி உயிர் நீத்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன். பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்தான் தீரன் சின்னமலை.

காங்கேயத்துக்கு அருகிலுள்ள மேலப்பாளையத்தில் 1756-ம் ஆண்டு அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தீர்த்தகிரி. அந்நாளில் கொங்கு நாடு மைசூர் ஆட்சியில் இருந்தது. இங்குள்ள குடியானவர்கள் கொடுத்த வரிப்பணம் மூட்டைகளாகக் கட்டப்பட்டு மைசூருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வாலிபர் தீர்த்தகிரி அந்தப் பணத்தை வழிமறித்துப் பறித்து ஏழைகளுக்குப் பங்கிட்டார் என்றும், யார் பறித்தது என்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்லும்படி காவலரிடம் கூறினார் என்றும் ஜனங்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

மைசூரின் பணத்தைப் பறித்தவர் பிற்காலத்தில் மைசூரின் பக்கமே நின்று போரிட்டார். இது முரண்பாடு அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். காலம் மாறியதை அவர் கண்டார் என்பதே பதில். ஆங்கிலக் கும்பினியார் 1792-ம் ஆண்டில் திப்பு சுல்தானை முறியடித்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன்படி பாரமகாலும் நம் சேலம் சீமையும் அவர்கள் கைக்கு வந்தன. ரீடு என்ற படைத்தலைவரும், அவருக்குத் துணையாக வந்த மன்றோவும் வயல் வயலாக அளந்து தீர்வை விதித்தார்கள். 1799-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி திப்பு போர்க்களத்தில் மாண்டபோது, எஞ்சியிருந்த கொங்குச் சீமையும் கும்பினியார் வசமாயிற்று.

அப்போது சின்னமலைக்கு வயது நாற்பத்து மூன்று. பணிந்து கிஸ்தி கட்டியிருந்தால் நிலபுலன்களோடும் குடும்பத்தோடும் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. இவரோ அறச்சலூருக்கு அருகே ஓடாநிலை என்ற ஊரில் கோட்டை கட்டினார். வாலிபர்களைத் திரட்டிப் படைப்பயிற்சி கொடுத்தார்.

அவர் தனித்து நின்றதாக நினைக்க வேண்டாம். அந்தச் சில வருஷங்களில் தென்னாடு முழுவதுமே கொந்தளித்தது. ஆனால் தோழர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1800 ஜூன் மாதத்தில் கோயமுத்தூர்க் கோட்டையைப் பிடிக்கச் செய்த முயற்சி தோற்றது; பலர் தூக்கு மரம் ஏறினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், வடக்கே துணை நின்ற தூந்தாஜி வாக் போரில் விழுந்தார். 1801-ல் விருப்பாட்சி கோபால நாயக்கரும் சிவகங்கை மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். இத்தனைக்குப் பின்னும் சின்னமலை பணியவில்லை. 1801-ல் காவிரிக் கரையிலும், 1802-ல் ஓடாநிலையிலும், 1804-ல் அறச்சலூரிலும் கும்பினிப் படையை அவர் எதிர்த்து வென்றார் என்று கொங்கு நாட்டார் பெருமையோடு சொல்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி. சின்னமலையிடம் ஊழியம் செய்த எளிய மனிதர் இருவரைப் பற்றியது அது.

முதலாவது மனிதர் வேலப்பன். அவர் கும்பினியாரின் பாளையத்திலே வேலையில் இருந்தார். உண்பது கும்பினியாரின் சோறு. மனமோ பழைய எஜமானரிடம் இருந்தது. ஓடாநிலைக் கோட்டையைத் தகர்க்கப் பெரிய பீரங்கிகள் வருகின்றன என்று அறிந்ததும், அந்தச் செய்தியைச் செருப்புக்குள் மறைத்து அனுப்பினார். சின்னமலை தம் ஆட்களோடு தப்பிப் போனார். பீரங்கிகளோடு வந்தவர்கள் கண்டது வெறுங்கோட்டையைத்தான். கோட்டையை இடித்தார்கள். செருப்பின் இரகசியமும் வெளிப்பட்டது. வேலப்பன் அதற்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார் என்பது மக்கள் வழக்கு.

இரண்டாவது மனிதன் நல்லப்பன். அவன் சின்னமலையின் சமையற்காரன். பழனிப் பக்கத்துக் கருமலையில் சின்னமலை ஒளிந்திருந்தபோது கூடவே இருந்தவன். தினமும் அவருக்குச் சோறு போட்டவன். கும்பினியார் அவனுக்குப் பணத்தாசை காட்டினார்கள். அவன் இடத்தைக் காட்டிக் கொடுத்தான். பீரங்கியால் பிடிக்க முடியாதவரைச் சோறு போட்ட கையால் பிடித்துவிட்டார்கள்.

சின்னமலையையும் அவர் தம்பியர் பெரியதம்பி, கிலேதார் என்பவர்களையும், படைத்தலைவர் கருப்பசேர்வையையும் சங்ககிரிக்குக் கொண்டு வந்தார்கள். காங்கேயத்துக்காரரை இவ்வளவு தூரம் ஏன் கொண்டு வரவேண்டும்? சங்ககிரி 1792 முதலே கும்பினியார் கையில் இருந்த பலமான கோட்டை. அவருடைய சொந்த ஜனங்கள் திரண்டு வந்தாலும் அத்தனை வாயில்களைக் கடந்து மேலே ஏறுவது எளிதல்ல. அங்கேதான் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

அன்றைய தினம் ஆடிப் பதினெட்டு. காவிரியில் புதுவெள்ளம் வரும் நாள். பவானியிலும் பள்ளிபாளையத்திலும் மோகனூரிலும் பெண்கள் முளைப்பாரியோடு ஆற்றுக்குப் போகும் நாள். கீழே ஆற்றங்கரை ஊர்களில் பண்டிகை. மேலே மலையில் தூக்கு மரம். இன்றும் வருஷந்தோறும் ஆடிப் பதினெட்டன்று அவருடைய நினைவு நாள் கொண்டாடப்படுகிறது. ஓடாநிலையில் மணிமண்டபம் எழுந்திருக்கிறது. 2005-ம் ஆண்டில் இந்திய சர்க்கார் அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

வாசகர்களே, ஆயுதம் எடுத்த ஒருவரின் கதையைச் சொல்லும்போது, அந்தப் போர்களில் இரு பக்கமும் மாண்ட பேர் தெரியாத வாலிபர்களையும் அவர்களைப் பெற்ற தாய்மார்களையும் நான் மறக்கவில்லை. நம்மில் யாரும் இனிக் கோட்டை கட்டப் போவதில்லை. வாள் எடுக்கப் போவதும் இல்லை. ஆனால் வேலப்பனோ நல்லப்பனோ ஆகும் சந்தர்ப்பம் நம் ஒவ்வொருவருக்கும் வருகிறது. முதலாளியின் பணப்பையோடு இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவருக்கும், தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறவருக்கும், அடுத்த வீட்டுக் கஷ்டத்தைக் காதோடு கேட்டு வைத்திருக்கும் பெண்ணுக்கும் அது வருகிறது. இருவரும் ஏழைகளே, இருவரும் கூலிக்கு வேலை செய்தவர்களே. ஆகவே வறுமைதான் நல்லப்பனைக் கெடுத்தது என்று சொல்லித் தப்ப முடியாது. வேலப்பன் எதிரியின் நடுவில் இருந்தும் உண்மையாய் இருந்தார். நல்லப்பன் வீட்டுக்குள் இருந்தே விலை போனான்.

அடுத்த முறை அந்த வழியே போகும்போது, ரயில் ஜன்னலிலிருந்து ஒரு நிமிஷம் அந்த மலையைப் பாருங்கள். சின்னமலையை நினையுங்கள். அவரோடு, ஒரு செருப்புக்குள் செய்தியை மறைத்து அனுப்பிய அந்த ஊழியரையும் நினையுங்கள். நம்மை நம்பி ஒருவர் ஒப்படைத்தது இன்று நம் கையில் பத்திரமாக இருக்கிறதா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.