மலையரண்

சங்கரன்கோவிலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோர்க்கு, மேற்குத் தொடர்ச்சி மலை தொலைவிலேயே நீலநிற மதில்போலத் தோன்றும். அம்மலையை நோக்கிச் செல்லும் நிலப்பரப்பில் அமைந்த சிற்றூர் நெற்கட்டும்செவல். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வூரைத் தலைநகராகக் கொண்டு விளங்கிய பாளையக்காரர் பூலித்தேவர். இவர் 1715-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் சித்திரபுத்திரத் தேவர். தாயார் சிவஞான நாச்சியார்.

அக்காலத்தில் ஆர்க்காட்டு நவாபு, தென்பாண்டிப் பாளையங்களினின்று வரி தண்டும் பொருட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் படைத்துணையை நாடினார். 1755-ஆம் ஆண்டில் கர்னல் ஹெரான் என்பார் பெரும்படையுடன் நெற்கட்டும்செவலுக்கு வந்து திறைப்பொருள் கேட்டார். பூலித்தேவர் கொடுக்க மறுத்தார். கோட்டையைத் தகர்ப்பதற்கு ஏற்ற பெரும் பீரங்கிகள் இன்மையால் ஹெரான் வந்தவழியே திரும்பினார். தம் நிலத்தில் விளைந்த நெல்லுக்குப் பிறர் வரி கேட்பதற்கு உரிமை இல்லை என்பதே பூலித்தேவரின் உறுதி. அவ்வுறுதியிலிருந்து அவர் இறுதிவரை மாறவில்லை.

தனித்து நின்றால் வெல்லுதல் அரிது என்பதை உணர்ந்த அவர், மேற்குப் பாளையங்களை ஒன்றுசேர்த்தார். திருவிதாங்கூர் அரசரின் நட்பையும் பெற்றார். கம்பெனியின் படைத்தலைவராகிய யூசுப்கான் 1759-ஆம் ஆண்டில் களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுத்துத் திருவிதாங்கூரைத் தம் பக்கம் ஈர்த்துக்கொண்டார். பின்னர் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். அப்போது பூலித்தேவர் நெற்கட்டும்செவலிலிருந்து விரைந்து வந்து, பகைவரின் பாசறையைத் தாக்கினார். முற்றுகை முறிந்தது. எனினும் 1761-ஆம் ஆண்டில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் யூசுப்கானின் கைப்பட்டன. 1764-ஆம் ஆண்டில் கம்பெனியாரோடு பகைத்த யூசுப்கான் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் பூலித்தேவர் மீண்டும் வந்து தம் கோட்டைகளைக் கைக்கொண்டார்.

1767-ஆம் ஆண்டில் கர்னல் டொனால்டு காம்பெல் என்பார் வலிய பீரங்கிகளுடன் வாசுதேவநல்லூரை வளைத்தார். மலைக்கு அணித்தே, காடு சூழ அமைந்த மண்கோட்டை அது. பீரங்கிக் குண்டுகளால் மதில் பிளவுற்றது. பிளவுற்ற இடத்தைக் கோட்டையினர் பனைமரங்களையும் வைக்கோலையும் இட்டு உடனுக்குடன் அடைத்தனர். அடைப்போர்மீது குண்டுகள் பாய்ந்தன. ஒருவர் விழுந்த இடத்தில் மற்றொருவர் வந்து நின்றார். எதிர்த்து வந்த காம்பெலே அவர்தம் வீரத்தை வியந்து எழுதினார்.

எனினும் மண்மதில் எத்தனை நாள் தாங்கும்? ஓர் இரவு பெருங்காற்றும் கனமழையும் ஒருங்கே வந்தன. கோட்டைக்குள் இருந்தே மடிவதா, வெளியேறி உயிர் காத்து மீண்டும் போர்புரிவதா என்னும் நிலை கோட்டையினர்க்கு வந்தது. அவர்கள் கோட்டையை விட்டு வெளியேறி மலையை நோக்கிச் சென்றனர். மழையில் நனைந்த வெடிமருந்து பற்றாது. காரிருளில் வழியறியாதவர் பின்தொடர்தலும் இயலாது. ஆதலின் பகைவர்க்கு இடையூறான மழை அவர்களுக்குத் துணையாயிற்று.

ஆயினும் மழையிரவில் மலையேறுதல் எளிய செயலன்று. பகலிலேயே வழுக்கும் பாறைகள் இருளில் கண்ணுக்குத் தோன்றா. வெளிச்சம் இருக்குமிடத்தைக் காட்டிவிடுமாதலின், தப்பிச் செல்வோர் தீப்பந்தம் ஏந்துதலும் கூடாது. மேலே மழை பெய்தால் கீழே ஓடைகள் நொடிப்பொழுதில் பெருகும். கைப்பிடிக்கு ஒரு வேரும் காலூன்ற ஒரு கல்லும் எங்கே உள்ளன என்பதை, அம்மலையில் பழகியவரே அறிவர். ஆடுமாடு மேய்த்தும் விறகு எடுத்தும் அடிவார மக்கள் தலைமுறைதோறும் கற்ற வழிகள் அவை. மறுநாள் கம்பெனிப் படையின் கைக்குக் கோட்டை கிடைத்தது; கோட்டையைக் காத்தவர்கள் கிடைக்கவில்லை.

கோட்டைகளை இழந்தபின் பூலித்தேவர் எவ்வாறு மறைந்தார் என்பது பற்றிச் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. பகைவரால் சிறைப்பட்ட அவர், வழியில் சங்கரநாராயணர் கோயிலில் வழிபட விரும்பினாராம். இறைவன் திருமுன் நின்றபோது விலங்குகள் அறுந்து வீழ்ந்தன என்றும், அவர் உருவம் மறைந்தது என்றும் மக்கள் கூறுவர். அவர் மறைந்ததாகச் சொல்லப்படும் இடத்தை அக்கோயிலில் இன்றும் காட்டுகின்றனர். தம் தலைவர் பகைவர் கையில் மாண்டார் என்று நம்புவதற்கு அம்மக்களின் மனம் இடந்தரவில்லை.

கட்டபொம்மனார் தூக்குமேடை ஏறியது 1799-ஆம் ஆண்டில். அதற்கு நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பே கம்பெனிப் படைக்கு வரி மறுத்து நின்றவர் பூலித்தேவர். மதில் இடிந்த அன்று அவர்தம் வீரர்க்கு மலை அரணாயிற்று. பிறந்த மண்ணின் கல்லையும் காட்டையும் அறிந்து வைத்திருத்தலும் அதன் விடுதலைக்கு ஆற்றும் தொண்டே என்பதை, அம்மழையிரவு நமக்கு உணர்த்துகிறது.